பழைய அடுப்படிக்கு இரும்பு விறகடுப்பு: அளவெடுப்பதிலிருந்து முதல் தீ வரை

பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைத் திறந்து புதுப்பிக்கிறவர்கள் அடுப்படிக்கு வந்ததும் கேட்பது அநேகமாக ஒன்றுதான். கேஸ் அடுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வெள்ளைப் பணியாரத்துக்கும் அதிரசத்துக்கும் ஒரு விறகடுப்பு வேண்டும். ஆனால் சுவர் கறுக்கக் கூடாது, கண் எரியக் கூடாது. இதற்கு வழி இருக்கிறது. மண் அடுப்பு இருந்த மேடைக்குள் மூடிய இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தி, பழைய புகைக்கூண்டு வழியாகக் குழாயை மேலே விடலாம்.

புதிதாக இறங்குகிறவர்கள் இடறுவது வரிசையில்தான். முதல் வேலையாக அடுப்பை வாங்கிவிடுகிறார்கள். அது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் குழாய் எங்கே போகும், மேலே என்ன மரம் இருக்கிறது, என்ன விறகு கிடைக்கும் என்ற பேச்சே வருகிறது. அப்புறம் அடுப்புக்கு ஏற்றபடி வீட்டை இடிக்க வேண்டியதாகிவிடுகிறது. இங்கே அடுப்பு 6ஆம் படியில்தான் வரும். அதுவரை கடைப்பக்கம் போக வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், நல்ல டார்ச், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, ஒரு கட்டு ஊதுபத்தி, எடைத் தராசு, ஒரு நோட்டு. கொத்தனாரும் வெல்டரும் இப்போது தேவையில்லை. அளவு தெரியாத நிலையில் அவர்களைக் கூப்பிட்டால், அவர்களுக்குப் பழகிய ஒன்றைச் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

1. எதற்காக அடுப்பு என்று எழுதுங்கள்

தினச் சமையலா, மாதத்துக்கு நாலு நாள் பலகாரமா, வீட்டில் தங்க வருகிற விருந்தினருக்கு இருபது முப்பது பேர் சாப்பாடா? ஒவ்வொன்றுக்கும் அடுப்பின் அளவு வேறு.

கணக்கு எளிதுதான். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. சுமாரான மூடிய அடுப்பில் அதில் கால் பங்கு பாத்திரத்துக்குள் போனால் நல்லது. அதாவது மணிக்கு ஒரு கிலோ எரித்தால் பாத்திரத்துக்கு 1 கிலோவாட் கிடைக்கும். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 1.6 யூனிட் வேண்டும். மணிக்கு ஒரு கிலோ எரிக்கிற அடுப்பில் அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு கிலோ எரித்தால் முக்கால் மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். உங்கள் பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர், எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள் என்று எழுதிவிட்டால் அடுப்பின் அளவு தானாக வந்துவிடும்.

பாத்திரங்களின் அடி விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பணியாரத்துக்கு வைக்கும் இருப்புச் சட்டி, சோறு வடிக்கிற பித்தளைத் தவலை, குழம்புச் சட்டி என்று மூன்று அளவு போதும். அடுப்புக் கண்ணின் அளவு இதிலிருந்துதான் வரப்போகிறது.

கல்யாணம், மணிவிழா, படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) போன்ற பெரிய விசேஷங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருநூறு பேர் சமையலுக்குப் பின்கட்டில் கோட்டை அடுப்பு வெட்டுவதுதான் முறை, அது அப்படியே இருக்கட்டும். வருஷத்தில் ஒரு நாளுக்காகப் பெரிய அடுப்பு வாங்குகிறவர்கள் மற்ற நாளெல்லாம் அதைக் காற்றை அடைத்து, மந்தமாக எரிக்கிறார்கள். மந்தமாக எரிகிற பெரிய அடுப்பை விடச் சுறுசுறுப்பாக எரிகிற சின்ன அடுப்பில் புகையும் குறைவு, கரியும் குறைவு. சந்தேகம் இருந்தால் ஓர் அளவு குறைத்தே வாங்குங்கள்.

2. புகைக்கூண்டைச் சோதியுங்கள்

எல்லா அடுப்படியிலும் ஒரே மாதிரி இருக்காது. சில வீடுகளில் செங்கல் புகைக்கூண்டு நேராக மேலே போகும். சிலவற்றில் ஓட்டுக் கூரையின் நடுவே உயர்த்திக் கட்டிய திறப்பு மட்டும்தான். சிலவற்றில் அதுவும் கிடையாது, மேலே ஒரு சாளரம். முதல் வகைதான் நமக்கு வசதி. மற்ற இரண்டிலும் குழாயைப் புதிதாகக் கொண்டுபோக வேண்டும், செலவு கூடும்.

கூண்டு இருந்தால் அடியில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே வானம் தெரிய வேண்டும். வெகுநாள் பூட்டியிருந்த வீடு என்றால் புறாக்கூடு, தேன்கூடு, இடிந்து விழுந்த செங்கல், யாரோ மழைக்குப் பயந்து மேலே வைத்த கடப்பைக் கல் என்று எதுவும் இருக்கும். தேன்கூடு இருந்தால் கீழே தீ மூட்டி விரட்டப் பார்க்காதீர்கள். மெழுகு உருகிப் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது இழுப்புச் சோதனை. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குக் கூண்டின் அடியில் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை நூல் பிடித்தது போல மேலே போனது. கொத்தனார் "ஆச்சி, கூண்டு சுத்தமா இழுக்குது" என்று வேலையை முடித்துவிடப் பார்த்தார். அதே ஊதுபத்தியை மதியம் ஒன்றரை மணிக்குப் பிடித்தால், புகை அரையடி ஏறி, தயங்கி, வளைந்து ஆச்சியின் முகத்துக்கே வந்தது.

காரணம் எளிது. புகைக்கூண்டு இழுப்பது உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றை விடச் சூடாக, லேசாக இருப்பதால். கனத்த சுவருக்குள் இருக்கும் கூண்டு இரவின் குளிர்ச்சியை மதியம் வரை பிடித்து வைத்திருக்கும். சித்திரை மதியத்தில் வெளியே 38 டிகிரி, கூண்டுக்குள் அதை விடக் குறைவு. குளிர்ந்த காற்று கனமானது, அது இறங்கத்தான் செய்யும். அதனால் சோதனையைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் செய்து எழுதி வையுங்கள். மதியம் கீழே தள்ளுகிறது என்றால் கூண்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தீ மூட்டும் முன் அதைச் சூடாக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று 8ஆம் படியில் வருகிறது.

நம் ஊர் வெயிலில் இழுப்பு எவ்வளவு குறையும் என்று தெரிந்தால் உயரத்தில் கஞ்சத்தனம் பண்ண மாட்டீர்கள். 4 மீட்டர் உயரக் குழாய், உள்ளே புகை 150 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி குளிராக இருக்கும் மலைப்பகுதியில் இழுப்பு அழுத்தம் சுமார் 17 பாஸ்கல். இங்கே 35 டிகிரியில் அதுவே 12 பாஸ்கல்தான். தீயை அடக்கி எரித்து, புகையின் சூடு 60 டிகிரிக்கு இறங்கினால் வெறும் 3 பாஸ்கல். அந்த அளவுக்கு வந்துவிட்டால் கதவைத் திறந்து மூடினாலே புகை உள்ளே வந்துவிடும்.

உயரத்துக்கு ஒரு விதி: குழாய் கூரையைத் துளைத்து வெளியே வந்த இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். அதோடு, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் கூரை, சுவர் எதையும் விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படி தாழ்வாக இருக்கும், பக்கத்திலேயே மேல்மாடி எழும்பி நிற்கும். காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழே புரளும்போது குட்டையான குழாய்க்குள் புகையைத் திருப்பித் தள்ளிவிடும்.

3. கூரையில் என்ன மரம் இருக்கிறது

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஓட்டுக் கூரை என்றால் கைமரமும் ரீப்பரும் இருக்கும். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். மேலே பார்த்தால் காரை, நடுவில் மரம். குழாய் போகும் பாதையை மேலிருந்தும் கீழிருந்தும் அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று குறியுங்கள்.

ஒற்றைத் தகடு குழாய் எந்த மரத்திலிருந்தும் 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். மரம் தீப்பிடிக்க நெருப்பு தொட வேண்டியதே இல்லை. சூடான குழாய்க்குப் பக்கத்தில் நாள்கணக்கில், வருஷக்கணக்கில் காய்ந்துகொண்டே இருந்தால் மரம் மெல்லக் கரியாக மாறி, முன்பை விடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். "ரெண்டு வருஷமா எரிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை அதனால் நம்பாதீர்கள்.

18 அங்குலம் கிடைக்கவில்லை என்றால், கூரையைக் கடக்கும் பகுதிக்கு மட்டுமாவது நடுவில் செராமிக் பஞ்சு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போடுங்கள். அதை மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். உத்தரத்தை வெட்டி வழி விடுகிறேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். குழாயை வளைக்கலாம். வெட்டிய பர்மா தேக்குக்கு மாற்று வாங்க முடியாது.

4. காற்று எங்கிருந்து வரும்

மேலே போகிற புகைக்குச் சமமாகக் கீழே காற்று வர வேண்டும். பழைய அடுப்படியில் இது ஒரு கேள்வியே இல்லை. கதவில் இடுக்கு, சுவரில் சாளரம், பக்கத்தில் திறந்த முற்றம் எல்லாம் இருந்தன. புதுப்பிக்கும்போது முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் போடுகிறார்கள், ஜன்னலுக்குக் கண்ணாடி வைக்கிறார்கள், கடைசியில் எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டுகிறார்கள்.

விறகடுப்பும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரே அறையில் ஒத்துப்போகாது. ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ளும்போது, ஈடு செய்யப் புகைக்கூண்டு வழியாகவே காற்று உள்ளே வரும், புகையையும் சேர்த்துக்கொண்டு. கண்ணுக்குத் தெரிகிற புகை வந்தால்கூட நல்லது, எழுந்து கதவைத் திறப்போம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்றுதான் முதலில் தெரியும்.

எல்லாக் கதவு ஜன்னலையும் மூடி, ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடி ஊதுபத்திச் சோதனை செய்யுங்கள். புகை இறங்கினால், அடுப்பின் வாய் இருக்கும் பக்கம் தரையோரமாக வெளிச்சுவரில் 6 அங்குலத் துளை ஒன்று போட்டு, எலி புகாத வலை வையுங்கள். அதை மூட முடியாதபடி வையுங்கள். மூட முடிந்தால் யாராவது மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். ஃபேனை அடுப்பு எரியும்போது போடக் கூடாது என்று சமையலுக்கு வருகிறவரிடம் சொல்வதோடு நிற்காமல் சுவிட்சுக்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் மாட்டுங்கள். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் யாராவது படுப்பதாக இருந்தால் அங்கே இன்னொன்று.

5. விறகைப் பாருங்கள்

கிடைக்கிற விறகுக்கு ஏற்ற அடுப்புதான் வாங்க வேண்டும். எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைப்பது சீமைக்கருவேல். நன்றாகச் சூடு தரும், தணல் நெடுநேரம் நிற்கும். ஆனால் கோணல் மாணலான கட்டைகள், முள் வேறு. நேராக, நீளமாக வெட்டிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சவுக்கு நேராக இருக்கும், அடுக்க வசதி. புளியங்கட்டை நல்ல சூடுதான், பிளப்பதற்குள் கை போய்விடும். தென்னை மட்டையும் பனை மட்டையும் பற்றவைக்க மட்டும். சட்டென்று எரிந்து தீர்ந்துவிடும், அதையே போட்டுக்கொண்டிருந்தால் குழாயில் கரி ஏறும். தேங்காய்ச் சிரட்டை ரொம்பச் சூடு. மெல்லிய தகட்டு அடுப்பில் அதை அள்ளிப் போட்டால் தகடு நெளிந்துவிடும்.

போடவே கூடாதவை: அரளிக் குச்சி, பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், வார்னிஷ் ஏறிய பழைய ஜன்னல் சட்டம், பிளாஸ்டிக். புதுப்பிக்கும் வீட்டில் பழைய சட்டத் துண்டுகள் குவிந்து கிடக்கும், கை தானாக அங்கே போகும். அரளியின் புகையே நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய மரத்தில் ஈயம் இருக்கக்கூடும், அது சாம்பலிலும் தங்கும்.

எந்த மரம் என்பதை விட எவ்வளவு காய்ந்தது என்பதுதான் பெரிது. பச்சை விறகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்க வெப்பம் போவது ஒரு நஷ்டம். அதை விடப் பெரிய நஷ்டம், அதனால் எரியறையின் சூடு இறங்குவது. விறகிலிருந்து வருகிற வாயு நன்றாக எரிய 600 டிகிரியாவது வேண்டும். சூடு அதற்குக் கீழே போனால் அந்த வாயு எரியாமல் புகையாகக் குழாய் ஏறி, மேலே குளிர்ந்த இடத்தில் பிசின் போலப் படியும். நாளைக்குக் குழாய்க்குள் தீப்பிடிப்பது இந்தப் பிசினில்தான்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். விறகுக் கட்டின் நடுவிலிருந்து நாலு துண்டு எடுத்து, எண் போட்டு எடை பார்த்து, அதே இடத்தில் திரும்ப வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் மொத்தக் கட்டும் தயார். தட்டினால் 'ணங்'கென்று சத்தம் வரும், வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் பழகாத காதுக்கு எல்லாச் சத்தமும் 'ணங்'தான். தராசை நம்புங்கள்.

விறகை முன்கைத் தடிமனுக்கு மேல் போகாமல் பிளந்து அடுக்குங்கள். தை, மாசியில் வெட்டிப் பிளந்தால் கோடை முழுக்கக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் கூரைக்குள் போய்விட வேண்டும். புரட்டாசியில் அடுப்பு வாங்கி, அதே வாரம் விறகும் வாங்கி, மழையோடு மழையாக எரிக்கத் தொடங்குகிறவர்கள்தான் "இந்த அடுப்பு சரியில்லை" என்று சொல்கிறவர்கள்.

6. இப்போது அடுப்பு

சரி, நோட்டில் இப்போது பாத்திர அளவு, மணிக்கு எத்தனை கிலோ விறகு, குழாயின் பாதை, மேடையின் நீள அகல உயரம், விறகின் நீளம் எல்லாம் இருக்கும். இதை எடுத்துக்கொண்டு கடைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ போகலாம்.

விசிறி வைத்த சின்ன அடுப்புகள் கடையில் கிடைக்கும். புகை மிகக் குறைவு. இவற்றுக்கு ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. விசிறி இல்லாத அடுப்பு குறைந்தது 25 சதவீதமும், விசிறி உள்ளது 35 சதவீதமும் வெப்பத்தைப் பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஆனால் அந்தத் தரம் எடுத்துச் செல்லும் அடுப்புக்கானது. விறகைச் சின்னச் சின்னச் சில்லாக நறுக்க வேண்டும், கரண்டும் வேண்டும், புகைக்குழாய் வராது. கோணல் சீமைக்கருவேலை வைத்துக்கொண்டு இதை வாங்கினால் அரிவாளோடுதான் பொழுது போகும். மேடைக்குள் பொருத்த நமக்கு வேண்டியது குழாய் வைத்த, கதவு வைத்த அடுப்பு.

எரியறை விறகின் நீளத்தை விட ஒரு கை அகலம் கூடுதலாக இருக்கட்டும். விறகு கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு மூடாது. கதவு மூடாத அடுப்புக்கும் பழைய மண் அடுப்புக்கும் வித்தியாசமே இல்லை.

கம்பித் தட்டுக்கும் பாத்திர அடிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இருக்க வேண்டும். கிட்டத்தில் இருந்தால் சீக்கிரம் கொதிக்குமே என்று பலர் குறைக்கச் சொல்கிறார்கள். சுடர் எரிந்து முடிக்கும் முன்னால் குளிர்ந்த பித்தளையில் மோதினால் அங்கேயே அணைந்து கரியாகப் படியும். பாத்திரம் கறுப்பதும் இதனால்தான்.

முன்னால் ஒரு கண், பின்னால் கொடி அடுப்பாக ஒரு கண் என்று இரண்டு போதும். முன்கண்ணில் பலகாரம், போகிற சூட்டில் பின்கண்ணில் வெந்நீரோ பருப்போ. மூன்றாவது கண் வைத்தால் புகை குழாயை அடையும் முன்பே ஆறிவிடும், இழுப்பு போய்விடும். கண்களுக்கு வளைய மூடி கேளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரும்பு வளையங்களை எடுத்தும் வைத்தும் கண்ணைச் சுருக்கலாம், விரிக்கலாம். பாத்திரம் இல்லாத கண் திறந்திருந்தால் இழுப்பு முழுக்க அதன் வழியாகவே போய்விடும்.

மேல்தட்டு வார்ப்பிரும்பாக இருந்தால் நெளியாது, ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீர் கொட்டினால் விரிசல் விடும். இரும்புத் தகடு என்றால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கேளுங்கள். பட்டறையில் 2 மில்லிமீட்டரில் செய்து பளபளவென்று கருப்பு பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். விலையை எடையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எரியறைக்குள் பயர் பிரிக்ஸ் (சூடு தாங்கும் செங்கல்) அடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தகட்டைக் காக்கும், எரியறையின் சூட்டையும் ஏற்றிவைக்கும்.

காற்று வரும் துளைக்குத் திருகோ நகர்த்தும் தகடோ இருக்க வேண்டும். கதவின் ஓரத்தில் வெப்பம் தாங்கும் கயிறு ஓடியிருக்க வேண்டும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது. சாம்பல் தட்டைத் தீ எரியும்போதே வெளியே இழுக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

7. குழாயும் பொருத்துதலும்

குழாயின் விட்டம் அடுப்பின் வாயை விடச் சிறியதாக எங்கேயும் ஆகக் கூடாது. பெரிதாகவும் போக வேண்டாம். பழைய செங்கல் கூண்டு ஒன்றரை அடி அகலம் இருக்கிறதே, அடுப்பை அதன் அடியில் விட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அவ்வளவு அகலத்தில் புகை மெதுவாகிக் குளிர்ந்து, இழுப்பு குறைந்து, பிசின் சுவரில் படியும். உள்ளே தனிக் குழாய் விட்டு, கூண்டின் அடிவாயைக் குழாயைச் சுற்றி இரும்புத் தகட்டால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் அறைக் காற்று அந்த அகல வழியாக ஓடிவிடும்.

குழாய்க்கு எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) நல்லது. ஜி.ஐ. குழாய் மலிவு என்று போடாதீர்கள், அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் கழன்று நச்சுப் புகை விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் ஏற்கனவே இருந்தால் அதையும் பயன்படுத்த வேண்டாம். சூட்டில் வெடிக்கும். அதை நீங்களே அறுத்து எடுக்கவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தெரிந்தவரை வைத்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள்.

இணைப்பில் மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். பெரும்பாலான வெல்டர்கள் இதை நேர்மாறாகப் போட்டுவிட்டு, புகை மேலே போகிறதே, கீழ்க்குழாய்தான் மேல்குழாய்க்குள் போக வேண்டும் என்று வாதாடுகிறார்கள். உள்ளே வடிகிற கரித்தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். சொன்னபடி போட்டால் அது உள்ளேயே இறங்கி அடுப்பில் எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கருப்பாக வழிந்து சுவருக்கு வரும், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் அந்தக் கறை போகவே போகாது.

வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் 45 டிகிரி. மேலே மழைக்குத் தொப்பி, பறவைக்கு வலை. வலையின் கண் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், சின்னக் கண் கரியால் அடைபடும்.

அடுப்பை மேடைக்குள் வைக்கும்போது சுற்றிலும் விரல் அளவு இடைவெளி விடுங்கள். இரும்பு சூட்டில் விரியும். இரண்டடி நீளத் தகடு 400 டிகிரி ஏறினால் 3 மில்லிமீட்டர் நீளும். கொத்தனார்கள் சிமென்ட்டை வைத்து இறுக்கப் பூசிவிடுகிறார்கள், மறு மாதம் மேடை வெடிக்கிறது. இடைவெளியில் செராமிக் பஞ்சை வையுங்கள். பழைய கூண்டின் வெடிப்புகளுக்கும் சிமென்ட் வேண்டாம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் கொஞ்சம் அசையும், சிமென்ட் அசையாது, ஒட்டிய ஓரத்தில் மறுபடி பிளக்கும். தீக்குப் பக்கத்தில் பயர் கிளே (சூடு தாங்கும் களிமண்), மேலே சுண்ணாம்பு மணல் கலவை.

கதவுக்கு முன்னால் தரையில் ஒன்றரை அடிக்கு இரும்புத் தகடோ செங்கல் பாவலோ போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்தான், தீப்பிடிக்காது. ஆனால் தணல் விழுந்தால் பூ வேலையில் தழும்பு நிற்கும்.

8. முதல் தீ

பூச்சு காயாமல் எரிக்கக் கூடாது. சுண்ணாம்பு என்றால் மூன்று நாலு வாரம் பொறுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது பெருந்தீ போட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் காரை பெயரும்.

முதல் மூன்று தீயும் சின்னதாக இருக்கட்டும். விரல் கனக் குச்சிகள், அரை மணி நேரம், அப்புறம் முழுக்க ஆறவிட வேண்டும். புது அடுப்பின் பெயின்ட் வாடை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அன்றைக்கு அதில் சமைக்காதீர்கள்.

மதிய நேரமாக இருந்தால், விறகு பற்றும் முன்னால் கூண்டைச் சூடாக்க வேண்டும். ஒரு பக்க நாளிதழைச் சுருட்டிப் பற்றவைத்து, பின்கண் வழியாகக் குழாயின் அடிவாய்க்குக் கிட்டே பிடியுங்கள். முதலில் புகை உங்கள் பக்கம் வரும், பிறகு 'ஹூம்' என்று ஓர் இழுப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு எரியறையைப் பற்றவையுங்கள். கேட்காவிட்டால் இன்னொரு தாள்.

தடித்த கட்டைகளைக் கீழே இடைவெளி விட்டு அடுக்கி, மேலே சுள்ளி வைத்து, மேலிருந்து பற்றவைத்துப் பாருங்கள். கீழிருந்து பற்றவைத்தே பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். மேலே சுடர் இருக்கும்போது கீழ்க்கட்டையிலிருந்து எழும் வாயு அந்தச் சுடர் வழியாகத்தான் போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. மூடிய எரியறையில் ஆவி சேர்ந்து, பற்றும்போது முகத்துக்கு வரும்.

தீ நன்றாகப் பிடித்ததும் வெளியே போய்க் குழாயின் உச்சியைப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் வெண்புகை வரலாம். அதற்குப் பிறகும் கரும்புகையோ கனத்த மஞ்சள் புகையோ வந்தால் காற்று போதவில்லை, அல்லது விறகு ஈரம். சரியாக எரியும்போது உச்சியில் சூட்டின் அலை மட்டும்தான் தெரியும்.

சூட்டைக் குறைக்க வேண்டும் என்றால் காற்றை அடைக்காதீர்கள். விறகைக் குறையுங்கள். அதிரசம் மாதிரி மிதமான சூடு வேண்டிய பலகாரத்துக்கு, சுடர் அடங்கித் தணல் நிலைக்கு வரும் வரை பொறுத்து, அதன்மேல் ஒவ்வொரு சுள்ளியாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.

9. சாம்பலும் கரியும்

சாம்பலைத் தினமும் முழுக்க வழித்தெடுக்க வேண்டியதில்லை. தட்டு நிறைந்து கம்பியைத் தொட்டால் கம்பி வளையும், காற்றும் அடைபடும், அதற்கு முன்னால் எடுத்தால் போதும். எடுப்பதை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் போட வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளி, சாக்கு, விறகுக் குவியலுக்குப் பக்கம் எதுவும் வேண்டாம். ஆறிய சாம்பலைச் சலித்துப் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளலாம்.

குழாயில் படிந்த கரி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வந்தால் துலக்கியாக வேண்டும். தினமும் எரிக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். எப்போதாவது எரிக்கிறவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்னும் பொங்கலுக்கு முன்னும் பார்த்தால் போதும். அளவுக்கு ஏற்ற கம்பித் தூரிகையை மேலிருந்து இறக்குங்கள், அடுப்பின் கதவையும் கண்களையும் மூடி, ஈரத்துணியால் சுற்றிவிட்டு. இல்லாவிட்டால் அடுப்படி முழுக்கக் கரிதான். படிந்திருப்பது பொடியாக உதிர்ந்தால் சரி. தாராக, கண்ணாடி போல மினுமினுப்பாக ஒட்டியிருந்தால் தூரிகைக்கு வராது. அந்தக் குழாயைக் கழற்றி மாற்றிவிட்டு, விறகுக் கட்டை மறுபடி தராசில் வையுங்கள்.

குழாய்க்குள் தீப்பிடித்தால் ரயில் போவது போன்ற இரைச்சல் கேட்கும். உடனே காற்றுத் துளையையும் கதவையும் கண்களையும் மூடி, எல்லாரையும் வீட்டுக்கு வெளியே அனுப்பி, 101க்கு அழையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடேறிய குழாயும் கூண்டும் வெடித்தால் தீ நேராக உத்தரத்துக்குப் போகும். அணைந்த பிறகு குழாயை முழுக்கக் கழற்றி, கூண்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, பக்கத்து மரங்களைக் கையால் தொட்டுச் சூடு தணிந்ததை உறுதிசெய்யும் வரை மறுபடி மூட்ட வேண்டாம்.